கதவோரத்து முளைப்பாரி

பாரி வீட்டுச் சாவி பெரிய அத்தையின் இடுப்பில் இருந்தது. அவர் பூட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாரே தவிர, திறக்கவில்லை.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அம்மன் கோயில் பக்கம் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈர மண்ணில் நாற்பது பெண்கள் நின்றார்கள், எல்லோர் கையிலும் சும்மாட்டுத் துணி. ஒன்பது நாளாக அந்த இருட்டறைக்குள் வளர்ந்த முளைப்பாரியை வெளியே எடுத்துத் தலையில் ஏற்றும் நேரம் அது.

எனக்குப் பதினான்கு வயது. என் கையில் அடிஸ்கேல். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு என் வகுப்புத் தோழி ஃபரிதா. எங்களுக்குப் பின்னால் அம்மா. இரண்டு வருடமாகப் பாரியே போடாமல் ஒதுங்கியிருந்தவர், அந்த வருடம் போட்டிருந்தார்.

"ஏத்தா செல்வி, திறக்கட்டுமா? வேணாம்னா இப்பவே சொல்லிரு" என்றார் அத்தை.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒன்பது நாளும் காலையும் மாலையும் தனியாக உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தவர் அவர்.

"திறங்க அத்தை" என்றேன். உள்ளே நான் நினைத்தபடி இல்லாவிட்டால் அம்மா அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்க முடியாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். விட்டது நான், மடி அம்மாவுடையது.

கதவு கொஞ்ச நேரம் பூட்டியே இருக்கட்டும். அதற்கு முன் ஓர் எரிமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கிய எரிமலை

போன மாதம் மதுரைக் கோச்சடையில் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் எரிமலை வந்து உட்கார்ந்தது. என் மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடையின் படம் வந்தது. தெர்மகோலில் செய்த எரிமலை, காற்றாலை, இதயம், எது வேண்டுமானாலும் தயாராகக் கிடைக்கும். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வரும்போது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதுல நீ என்னத்த மாத்துன?" என்று மகளைக் கேட்டேன்.

"கலர் மாத்தலாம்மா. ஆரஞ்சு, சிவப்பு ரெண்டும் இருக்கு."

"என்னத்த அளந்த?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். என் கோபத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் படித்தவர்களுக்கு அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரிமலை இப்போது பரணில் இருக்கிறது.

எனக்கு எரிமலை மீது தனிப்பட்ட பகையும் உண்டு. அதுவும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

நான் வேலை பார்ப்பது விதைகளைச் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில். ஈரத்தாளில் நூறு விதையை வரிசையாக வைத்து, ஒரே சூட்டில், ஒரே ஈரத்தில் முளைக்கவிட்டு எண்ணுவது என் பிழைப்பு. முளைத்ததைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனாலும் ஒரு நாளும் அலுத்ததில்லை. காரணம், என் அம்மாவின் மானம் ஒரு காலத்தில் முளையின் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாண் குறைந்தால்

எங்கள் ஊர் திருமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். கரிசல் காடு, பருத்தி, மக்காச்சோளம். முளைப்பாரி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மன் பொங்கலுக்கு ஒன்பது நாள் முன்னால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு மண் சட்டியில் வைக்கோலும் எருவும் மண்ணும் பரப்பி, பயறு வகைகளை விதைப்பாள். எல்லாச் சட்டியும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்படும். வெளியே தினமும் கும்மி. விதைத்தவள் விரதம் இருப்பாள். ஒன்பதாம் நாள் பார்த்தால் முளை வெளிர் மஞ்சளாக, முழ உயரத்துக்கு, தலைவாரிவிட்டது போல நிற்கும்.

உயரமாக வளர்ந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. குட்டையாகப் போனால் அந்தப் பெண் சுத்தபத்தமாக இருக்கவில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது அழித்தாவது இருப்பார்கள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அம்மாவின் பாரி மற்றதைவிட ஒரு சாண் குறைவாக வந்தது. மஞ்சளாக இல்லாமல் பச்சையாக இருந்தது. போதாததற்கு முளை அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எல்லாருதும் நேரா நிக்கிது, பஞ்சவர்ணத்துது மட்டும் வாசலப் பாத்துச் சாஞ்சிருக்கு" என்றார் பெரிய அத்தை. அப்பாவின் அக்கா அவர், பெயர் பேச்சியம்மாள்; பஞ்சவர்ணம் என் அம்மா. பாரி வீட்டுச் சாவி வைத்திருப்பவர் சொன்னால் சொன்னதுதான். "வீட்ட விட்டுப் போறேன்னு சொல்லுது. என்ன பண்ணுனாளோ, ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம்."

அடுத்த மாதம் அப்பா டிராக்டர் பெட்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஊருக்கு அது போதும்.

நான் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபப்படும் சாதி; அம்மா கோபப்பட வேண்டியதற்கும் பேசாத சாதி. அடுத்த வருடம் பாரி போடவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. கும்மியில் மட்டும் கடைசி வரிசையில் நின்று கை தட்டிவிட்டு வந்துவிடுவார்.

ஒரு நாள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். "மூணா நாளு அப்பாவுக்குக் கருவாட்டுக் கொழம்பு வச்சேன் பாப்பா. நான் திங்கல. ஆனா உப்புப் பாக்க ஒரு சொட்டு நாக்குல விட்டேன். பழக்க தோசம். அதுதான் போல."

மற்றவர்கள் சொன்னதைக்கூடத் தாங்கிவிட்டேன். அம்மாவே அதை நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கருவாட்டு விரதம்

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் எங்களைச் சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டு மாறி என்று மனப்பாடம் செய்ய வைத்தார். காலை நேரத்தில் வகுப்பே பஜனை மடம் போல ஒலிக்கும். ஒருத்திக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் கண்காட்சிக்கு ஆளுக்கொரு சோதனை செய்யச் சொன்னதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கருவாடு தின்றால் பாரி வளராதா என்று பார்க்கப் போகிறேன்.

ஃபரிதாவுக்கு வீடு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். முளைப்பாரியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது பின்னால் எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியவில்லை. அவள் எழுத்து அழகு, எதையும் தேதி போட்டு எழுதுவாள், பொய் சொல்ல வராது. அதனால் நோட்டு அவள் பொறுப்பு.

அம்மாவிடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாரி வேண்டும் என்றேன். முதலில் முடியாது என்றார். டீச்சர் மார்க் போடமாட்டார் என்றதும் சம்மதித்தார். பள்ளிக்கூடத்துப் பாரிதானே என்று விட்டாரா? இல்லை. ஒன்பது நாளும் ஒரு வேளைச் சோறு, தலைக்குக் குளியல், பாயில்கூடப் படுக்காமல் வெறுந்தரை. சட்டியை ஜன்னலோரம் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

இன்னொரு பாரி என்னுடையது. ஃபரிதாவின் அம்மா எனக்காக நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்துவிடுவார். தினமும் மதியம் வகுப்பில் உட்கார்ந்து வஞ்சனையில்லாமல் தின்றேன். "எம்புட்டுத் திங்கிற, இது பரிட்சையா விருந்தா?" என்று ஃபரிதா கேட்பாள்.

கருவாடு தின்றவளின் பாரியை அம்மாவின் பாரிக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா? அம்மா கண்ணில் பட்டால் என் தோலை உரித்துவிடுவார். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி உண்டு. அதற்குள் ஒளித்து வைத்தேன். காலையில் எல்லோரும் வெளியே போனதும் பெட்டியைத் திறந்து தண்ணீர் தெளித்துவிட்டு மூடிவிடுவேன்.

ஒன்பதாம் நாள் திறந்து பார்த்தால், முளை பெட்டி மூடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வெளிர் மஞ்சள், ஸ்கேல் உயரத்துக்கு முக்கால். அம்மாவின் பாரியோ அதில் பாதிகூட இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கருவாடு ஜெயித்துவிட்டது என்று மனதுக்குள் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா ஜன்னலோரம் அவர் சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

"இந்தத் தடவ உப்புக்கூடப் பாக்கல பாப்பா" என்றார். "அப்பறமும் குட்டையாத்தான் வருது. எங் கையிலதான் என்னமோ இருக்கு."

அம்மாவைக் காப்பாற்றத் தொடங்கிய சோதனை அம்மாவையே அடித்துவிட்டது. என் சட்டியைத் துணியால் மூடி, இரண்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

ஒரே ஒரு கேள்வி

அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தோம்: கருவாடு தின்றாலும் முளைப்பாரி வளரும். கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தாலும் எங்கள் மேசை முன்னால்தான் கூட்டம்.

நடுவராக ஒரு கல்லூரியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே இடத்துலயா இருந்துச்சு?"

"ஆமா மேடம்" என்றேன். நாக்கு கூசவில்லை.

"இல்ல மேடம்" என்றாள் ஃபரிதா. "இவளுது டிரங்குப் பெட்டிக்குள்ள. அவங்க அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒளிச்சு வச்சா. நோட்டுல எழுதியிருக்கேன்."

நடுவர் அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். "அப்ப எதுனால வளந்துச்சு? கருவாடா, பெட்டியா, இல்ல ஆளு வேறங்கறதாலயா?" பதிலுக்குக் காத்திருந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அடுத்த மேசையில் எரிமலை. சோடா மாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும். முதல் பரிசு அதற்குத்தான்.

பஸ் ஸ்டாண்டு வரை ஃபரிதாவிடம் பேசவில்லை. அப்புறம் பேசினேன், சண்டையாகத்தான். "எதுக்குடி காட்டிக் குடுத்த?"

"உள்ளதத்தான சொன்னேன்."

"அதான் எதுக்கு?"

"நீ என்னத்துக்கு ஒளிச்ச? அத மொதல்ல சொல்லு."

எங்கள் ஊர்ப் பஸ் வழக்கம்போல வரவில்லை. வேறு வேலை இல்லாமல், இரண்டு சட்டிக்கும் என்னென்ன வித்தியாசம் என்று அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஆள் வேறு. சாப்பாடு வேறு. அம்மா விதை வீட்டுப் பானையில் எடுத்தது, என்னுடையது கடையில் வாங்கியது. அம்மா செம்பில் தெளித்தார், நான் டம்ளரில். ஜன்னல், பெட்டி. எழுதிக்கொண்டே போனவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒன்றை மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லி ஊரையே மாற்றி வைத்திருந்தேன்.

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. அப்பா மதுரைக்குப் போவதென்றால் ஒரு பச்சைத் தனியார் பஸ்ஸில்தான் ஏறுவார். அதுதான் வேகம், திருப்பரங்குன்றம் தாண்டுவதே தெரியாது என்று சத்தியம் செய்வார். அந்தப் பஸ் கிளம்புவது விடியற்காலை ஐந்தரைக்கு. அந்த நேரத்தில் ரோட்டில் மாட்டு வண்டியை விட்டாலும் வேகமாகத்தான் போகும். அப்பா பஸ்ஸைப் புகழ்ந்தார், புகழ் உண்மையில் நேரத்துக்குச் சேர வேண்டியது.

"சரி, உங்கம்மாது அன்னைக்குக் குட்டையாப் போச்சுல்ல, அது எங்க இருந்துச்சு?" என்றாள் ஃபரிதா.

இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. எங்கள் ஊரில் பிறந்த எவளும் அதைக் கேட்டிருக்க மாட்டாள். நாங்கள் எல்லோரும் அம்மா என்ன தின்றார் என்றுதான் கேட்டோம்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன்.

"களையெடுப்பு முடிஞ்சு நான் கடைசியாத்தான் சட்டியக் கொண்டு போனேன். உள்ள எடமில்ல, கதவோரம் வச்சேன்" என்றார் அம்மா.

அந்தக் கதவின் கீழ்ப் பலகை பெயர்ந்து ஒரு சாண் இடைவெளி இருந்தது. பூனை போய்வரும். பகல் முழுவதும் வெளிச்சமும் போய்வரும். முளை வாசலைப் பார்த்துச் சாய்ந்தது வீட்டை விட்டுப் போவதற்கு இல்லை, வெளிச்சத்துக்கு.

அம்மா அளந்தார்

இரண்டாவது சோதனையில் ஒளிவு மறைவே கிடையாது. கருவாடு தின்றதையும் சொல்லிவிட்டேன். அம்மா விளக்குமாற்றைத் தேடினார், நல்ல வேளை கையில் கிடைக்கவில்லை. பிறகு கதையை முழுதாகக் கேட்டார்.

ஒரே பானையில் எடுத்த பயறு, எண்ணி எண்ணிப் போட்டோம். ஒரே எரு. ஒரே டம்ளர். நான்கு சட்டிக்கும் தண்ணீர் தெளித்தது நான் ஒருத்திதான். இரண்டு ஜன்னலில், இரண்டு பெட்டியில். ஒரே ஒரு சட்டியை வைத்து முடிவு சொன்னால் ஏதோ அதிர்ஷ்டம் என்பார்கள் என்று ஃபரிதா இடத்துக்கு இரண்டாக வைக்கச் சொன்னாள். பெட்டிக்குள் காற்று போக மூடியடியில் ஒரு குச்சி, அதன் மேல் கறுப்புத் துணி. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் யாரும் விரதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புகூட உண்டு.

ஒன்பதாம் நாள் ஸ்கேலை அம்மா கையில் கொடுத்தேன். பெட்டியில் இருந்த இரண்டும் மஞ்சளாக நெடுநெடுவென்று நின்றன. ஜன்னலில் இருந்த இரண்டும் பச்சையாக, பாதி உயரம். இருட்டில் முளை வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போகும்; வெளிச்சம் கிடைத்ததற்கு நீள வேண்டிய தேவை இல்லை. அம்மா நான்கையும் அளந்தார். மறுபடி அளந்தார். நெட்டையானதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஒயரந்தான், ஆனா துவண்டு கெடக்கு. குட்டதான் திடமா இருக்கு" என்றார். உயரம்தான் வளர்ச்சி என்று யார் முடிவு செய்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. அதை நான் கேட்கும் முன் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அம்மா அழுது பார்த்தது அன்றுதான். அப்பா கால் முறிந்தபோதுகூட அழவில்லை.

"வெளிச்சந்தானா" என்றார். "அம்புட்டுத்தானா."

சாவிக்காரியின் சவால்

அம்மன் பொங்கலுக்கு நாள் குறித்து ஊரில் சாட்டியதும் நான் அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று இன்னும் நீண்டது. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"உன் டிரங்குப் பொட்டியும் ஆத்தா பாரி வீடும் ஒண்ணாடி?"

"அப்ப ஆத்தா வீட்டுலயே பாப்போம் அத்தை."

"எப்பிடி?"

நானும் ஃபரிதாவும் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தது அது. அம்மாவின் பாரியைக் கதவோரத்தில் வைத்து, அத்தையுடையதை உள்ளே வைத்தால் மறுபடி ஆளும் வேறு, இடமும் வேறு. அதனால் ஒருத்திக்கு இரண்டு பாரி. ஒன்று உள் மூலையில், ஒன்று கதவோரத்தில். அம்மாவும் இரண்டு போட வேண்டும். அத்தையும் இரண்டு போட வேண்டும்.

"நானா? இருவது வருசமா எம் பாரிதான்டி ஊர்லயே ஒசரம்."

"அதுக்குத்தான் அத்தை கேக்குறேன்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சரி வைக்கிறேன். எம் பாரி எங்க வச்சாலும் ஒசந்துதான் நிக்கும். நின்னுச்சுன்னா உங்கம்மா இந்தப் பக்கமே வரக்கூடாது. பேசிக்குவமா?"

அதை அம்மாவிடம் வந்து சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொன்னேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார். "போடுறேன்னு போயிச் சொல்லு" என்றார்.

நான்கு சட்டிக்கும் ஒரே பயறு, ஒரே எரு. அத்தை அறைக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே செம்பில்தான் தெளிப்பார். அதில் எனக்குக் கவலை இல்லை. ஃபரிதாவின் கவலை வேறு.

"சாவி அவங்ககிட்ட. ஒம்பது நாளு அவங்க மட்டுந்தான் உள்ள போவாங்க. கதவோரத்துச் சட்டிய உள்ள நகத்தி வச்சிட்டு, கடைசி நாளு மறுபடி கதவோரம் வச்சா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றை மட்டும் எங்களால் கட்டுப்படுத்த முடியாது. ஐந்தாம் நாளிலிருந்து அத்தை தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வரும்போது யாரிடமும் பேசாமல் போனார்.

கதவு

"திறங்க அத்தை" என்றேன் அல்லவா. திறந்தார்.

உள்ளேயிருந்து ஈர எருவின் மணமும் பச்சை மணமும் ஒன்றாக வந்தன. வெளிச்சம் முதலில் விழுந்தது கதவோரத்தில். இரண்டு சட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்று அம்மாவுடையது, ஒன்று அத்தையுடையது. இரண்டும் குட்டை. இரண்டும் பச்சை. இரண்டும் ஒன்று போலவே வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அத்தை உள்ளே போய் மூலையிலிருந்த இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். மஞ்சளாக, நேராக, நெட்டையாக. அம்மாவுடையது அத்தையுடையதைவிட விரல்கடை உயரம்.

நான் மண்டியிட்டு நான்கையும் அளந்தேன். ஃபரிதா ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எண்களைச் சத்தமாகப் படித்தாள். படிக்கத் தேவையே இல்லை. நாற்பது பெண்களுக்கும் கண் இருந்தது.

கூட்டத்தில் ஒரு கிழவி கேட்டது: "ஏ பேச்சி, நீ சுத்தமா இருந்தியா இல்லையாடி?"

"இருந்தேன்" என்றார் அத்தை. குரல் பிசிறில்லாமல் வந்தது. "ஒம்பது நாளும் ஒரு வேளச் சோறு. ஊருக்கே தெரியும். ஒரே விரதம்தான் இருந்தேன். ஒரு சட்டிக்கு முழு விரதமும் இன்னொண்ணுக்கு அர விரதமுமா இருக்க முடியும்?"

சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். "அஞ்சாம் நாளே தெரிஞ்சு போச்சு பஞ்சவர்ணம். நகத்தி வச்சிரலாமான்னு கையிகூட வச்சேன். ஆத்தா சட்டிய நகத்துனா அப்பறம் என்ன விரதம்னு வந்துட்டேன்." சாவியை இடுப்பில் செருகினார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"விடுங்க மதினி" என்றார் அம்மா.

"விடக்கூடாதும்மா" என்று நான் ஆரம்பித்தேன். ஃபரிதா என் காலை மிதித்தாள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை எட்டிப் பார்த்து, "இதுல என்ன எழுதியிருக்கா இந்தப் புள்ள?" என்று கேட்டார். ஃபரிதா நோட்டில் போட்டிருந்த மூன்று கட்டத்தையும் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். மாற்றியது: சட்டி இருந்த இடம். அளந்தது: முளையின் உயரம். மாற்றாமல் வைத்தது: பயறு, எரு, தண்ணீர், தெளித்த ஆள்.

ஒரு வருடம் பஜனை பாடியும் எங்களுக்கு ஏறாத மூன்று மாறிகளும் அந்த வாசலில் நின்ற நாற்பது பேருக்கும் ஒரே நிமிடத்தில் விளங்கின. எனக்கும் அன்றுதான் முழுதாக விளங்கியது.

மேளம் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது. அத்தை அம்மாவின் நெட்டைப் பாரியைத் தன் கையாலேயே தூக்கி அம்மாவின் தலையில் ஏற்றி, வரிசையின் முன்னால் நிறுத்தினார். தன் தலைக்கு எடுத்துக்கொண்டது கதவோரத்தில் இருந்த தன் குட்டைப் பாரியை. வேண்டாம் என்றவர்களை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அம்மா இரண்டு வருடம் அடக்கி வைத்திருந்த குலவையை எடுத்து விட்டார். அது கண்மாய்க் கரை வரை கேட்டிருக்கும்.

வரிசை நகர்ந்தது. பத்தடி போன அத்தை, தலையில் பாரியோடு முழு உடம்பும் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா செல்வி. அந்தக் கடைசிக் கட்டத்துல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னது அத்தை?"

"உங்கம்மா விரதம். அதையும் எழுது. நான் பாக்க எழுது."

ஃபரிதா நோட்டை என்னிடம் நீட்டினாள். அத்தை நின்று பார்த்துக்கொண்டிருக்க, 'மாற்றாமல் வைத்தது' என்ற கட்டத்தில் என் கையால் எழுதினேன்: அம்மாவின் விரதம்.